உறையோடு சேர்த்து

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறிய 1879ஆம் ஆண்டில்தான் கால் அணா அஞ்சலட்டையும் இந்தியாவுக்கு வந்தது. தற்செயல்தான். ஆனால் பின்னால் வந்த எழுத்தாளர்கள் பலரின் கடன், காய்ச்சல், கோபதாபம் எல்லாம் அந்த மாதிரி மலிவுத் தாளில்தான் பதிவாகியிருக்கின்றன. அவற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் கையெழுத்துச் சேகரிப்பாளர்கள் அல்லர். கடிதம் யாருக்கு வந்ததோ அவர்கள். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலானதும், கு. அழகிரிசாமியின் கடிதங்கள் நமக்குக் கிடைத்ததும் கமலாவும் கி. ராஜநாராயணனும் அவற்றைக் கிழித்துப் போடாததால்தான். எழுத்தாளரை நம்பிப் பயனில்லை. 1860இல் டிக்கன்ஸ் தமக்கு வந்த கடிதங்களைக் கொல்லையில் குவித்துக் கொளுத்தினார். அவர் எழுதியவையோ பெற்றவர்களின் கைகளில் பிழைத்துப் பன்னிரண்டு தொகுதிகளாயின.

அச்சில் வந்துவிட்டால் தாள் எதற்கு என்று கேட்கலாம். பதிப்பாளர் வாசகத்தைத்தான் அச்சிடுவார். அஞ்சல் முத்திரையும் முகவரியும் உறையோடு போய்விடும். ஆர்.கே.பேட்டை வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் 1 வரை அது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். பிறகு சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டம். இந்த ஊருக்கு வந்த தேதியில்லாத கடிதம் ஒன்றின் காலத்தை, உறைமேல் உள்ள மாவட்டப் பெயரே ஏறக்குறையச் சொல்லிவிடும் (பழக்கதோஷத்தில் பழைய பெயரையே எழுதுகிறவர்களை விட்டுவிட்டால்). இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேலம் எழுத்தாளர் மு.வ.வின் (மு. வரதராசன்) சொந்த ஊர். அவருடைய கடிதங்கள் என்றதும் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’ நூல்களே பலருக்கு நினைவு வரும். அவை அச்சுக்கென்றே எழுதப்பட்டவை. ஒரு மனிதருக்கு மட்டும் என்று எழுதிக் கையொப்பமிட்ட தாள் வேறு சாதி.

அப்படிப்பட்ட தாளைச் சந்தைக்கு விடக்கூடாது என்றால், விலை வைத்தால்தானே ஜனங்கள் காப்பாற்றுவார்கள் என்பது வலுவான மறுப்பு. பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போவதைவிட ஏலம் மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சந்தை கையொப்பத்துக்கு விலை வைக்கிறது. கடிதக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கிறது. கேள்வி ஒருவரிடமும் பதில் இன்னொருவரிடமும் போய்ச் சேர்கின்றன. சட்டமும் குறுக்கே நிற்கிறது. தாள் பெற்றவருடையது, அதிலுள்ள சொல்லை வெளியிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. இலக்கிய மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டைக் கடந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கடிதங்கள் எல்லாமே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. 1950களில் மு.வ. எழுதியவை இப்போது ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.