சேலம் வழக்கிலிருந்து டெக்சாஸ் வரை

கோவையிலும் திருப்பூரிலும் பில் புத்தகத்தைப் புரட்டினால் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘சப்ஜெக்ட் டு கோயம்புத்தூர் ஜூரிஸ்டிக்‌ஷன்’. தகராறு என்று வந்தால் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு வா என்று, பம்பும் பனியனும் வாங்கும் வெளியூர்க்காரருக்குக் கொங்கு வியாபாரி விதித்த நிபந்தனை அது.

இன்று அதே வியாபாரி இன்னொருவர் விதித்த நிபந்தனைக்கு ‘சம்மதம்’ பொத்தானை அழுத்துகிறார். 2024 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த எக்ஸ் தளத்தின் விதிகளின்படி, வழக்குகளை டெக்சாஸ் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்திலோ டாரன்ட் கவுண்டி நீதிமன்றங்களிலோ மட்டும்தான் நடத்த முடியும். காசு கட்டி விளம்பரம் போட்ட திருப்பூர்க்காரருக்கு உள்ளூரில் கதவே இல்லையா? இந்தக் கேள்வியோடு தீர்ப்புத் தொகுதிகளைத் தேடத் தொடங்கினேன்.

முதல் தடம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. வழக்குத் தொடுக்கும் உரிமையை அடியோடு பறிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. அந்தப் பிரிவைத் தொட்ட தீர்ப்புகளில் முக்கியமானது 1971இன் ஹக்கம் சிங் வழக்கு. அதிகாரமில்லாத நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் கூடி அதிகாரம் கொடுத்துவிட முடியாது. ஆனால் இரண்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருந்தால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

அதைப் பின்பற்றிய தீர்ப்புகளைத் தேடிப் போனபோது கொங்கு மண்ணே கைக்குக் கிடைத்தது: ‘ஏ.பி.சி. லாமினார்ட் எதிர் ஏ.பி. ஏஜென்சீஸ், சேலம்’. குஜராத் நிறுவனத்திடம் உலோக இழை நூல் வாங்க 1974இல் சேலம் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. தகராறு முற்றி, 1975இல் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் பதிந்தது. ஒப்பந்தத்தின் 11ஆவது நிபந்தனையோ, இந்த விற்பனை குறித்த தகராறுகள் குஜராத்தின் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்றது. இங்கே வழக்கு நடத்த முடியாது என்று சார்பு நீதிமன்றம் பிராதைத் திருப்பிக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1989 மார்ச் 13இல் உச்ச நீதிமன்றமும் சேலத்தின் பக்கம் நின்றது. நூல் சேலத்தில் ஒப்படைக்கப்பட்டதால் சேலத்துக்கும் அதிகாரம் உண்டு. ‘மட்டும்’ என்பது போன்ற சொல் நிபந்தனையில் இல்லாததால் அந்த அதிகாரம் பறிபோகவில்லை என்பது தீர்ப்பு.

அடுத்து 1991இன் பட்டேல் ரோட்வேஸ் வழக்கு. போடிநாயக்கனூரில் லாரி நிறுவனத்தின் கிளையில் ஏற்றிய ஏலக்காய் எரிந்துபோனது. வழக்கு பம்பாயில்தான் என்று நிபந்தனை சொன்னது. சரக்கை ஏற்ற ஊரில் கிளை இருக்கும்போது, தலைமையகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பம்பாய்க்கு அதிகாரம் வராது என்றது உச்ச நீதிமன்றம்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் டெக்சாஸ் வரை எட்டுமா? எட்டாது. எக்ஸ் விதிகளில் ‘மட்டும்’ அழுத்தமாகவே இருக்கிறது. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஊரே செல்லும் என்று 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. இரு தரப்பும் வெளிநாட்டு நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2003இலேயே மோடி என்டர்டெயின்மென்ட் வழக்கு சொல்லிவிட்டது. சிவில் நீதிமன்றத்தில் வியாபாரியின் வாதம் மிகவும் பலவீனமானது.

திறந்திருக்கும் கதவு வேறொரு சட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார் கொடுப்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கைப் பதிய வழிவிடுகிறது. வேறு சட்டங்கள் தரும் தீர்வுகளோடு கூடுதலாக இதுவும் உண்டு என்கிறது 100ஆவது பிரிவு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று கேள்வி கேட்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இலவசச் சேவை அதன் வரம்புக்குள் வராது. வணிக நோக்கத்துக்குச் சேவை பெறுபவரும் வெளியே நிற்பார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு என்றாலும், சட்டத்தின் வாசகம் அதை வாங்கிய பொருளுக்குத்தான் சொல்கிறது, சேவைக்குச் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு தையல் மிஷின் வைத்து விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர், சேவைக்கும் அந்த விலக்கு பொருந்தும் என்ற வாதத்தோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். நூறு பேரை வைத்து நடத்தும் மில் முதலாளிக்கு அது கடினம்.

சேலத்தைக் காப்பாற்றியது ஒரு சொல் இல்லாத குறை. அந்தக் குறையை இன்றைய நிறுவனங்கள் கவனமாக அடைத்துவிட்டன. ஒப்பந்தத்தில் பேரம் பேசவே இடமில்லாத சிறு வியாபாரிக்குச் சட்டம் எழுதுபவர்கள்தான் கைகொடுக்க வேண்டும்: இந்தியாவில் விளம்பரம் விற்று ரூபாயில் பணம் வாங்கும் நிறுவனம், பணம் கட்டியவர் ஊர் நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்று சிறுதொழில்களுக்கும் சேர்த்து விதி வரவேண்டும். அதுவரை, பணம் கட்டும் நாளில் இருக்கும் விதிகளைப் பிரின்ட் எடுத்து, கோவை முகவரி போட்ட ரசீதோடு கோப்பில் வையுங்கள்.