அமிர்தாஞ்சன்: நாகேஸ்வர ராவின் விற்பனை முறை

அமிர்தாஞ்சன் 1893-ல் பம்பாயில் உருவான வலி நிவாரணத் தைலம். இதைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் (மே 1, 1867 – ஏப்ரல் 11, 1938) தெலுங்கு இதழாளர், பதிப்பாளர், காங்கிரஸ் தலைவர், கொடையாளர். சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்து அதை மக்களிடம் பழக்கப்படுத்தினார். ஒரு சிறு வணிகர் தன் இயல்பிலிருந்தே விற்பனை வழியை அமைத்துக்கொண்டதற்கு இந்திய வணிக வரலாற்றில் இது ஒரு முன்னோடி உதாரணம்.

பின்னணி

நாகேஸ்வர ராவ் கிருஷ்ணா மாவட்டத்தின் எலகுர்ரு கிராமத்தில் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்றபோது சமூகச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கத்தின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டார். படிப்பு முடிந்தபின் அரசுப் பணியைத் தேடாமல் வணிகத்தை நாடினார். கல்கத்தாவில் சிறிதுகாலம் இருந்துவிட்டு பம்பாய் சென்று வில்லியம் அண்ட் கம்பெனி என்னும் நிறுவனத்தில் பணியாற்றினார். தைலத் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு வயது 26.

அக்காலத்தில் ஆயத்த மருந்துகளின் சந்தை பெரும் இரைச்சலுடன் இருந்தது. நாளிதழ்களிலும் பஞ்சாங்கங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் மருந்து விளம்பரங்கள் நிறைந்திருந்தன. ஒரே மருந்து தலைவலி முதல் ஆண்மைக்குறைவு வரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று அவை அறிவித்தன. இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இந்தியாவில் 1954-ல்தான் வந்தது. புதிதாக ஒரு தைலத்தைக் கொண்டுவருபவர் அந்தக் கூச்சலில் தானும் சேர்ந்துகொள்ள வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும்.

கச்சேரிகளில் இலவசத் தைலம்

அமிர்தாஞ்சனின் தொடக்க விலை 10 அணா. 16 அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் இது அரை ரூபாய்க்கும் மேல். முன்பின் தெரியாத ஒரு மருந்துக்கு அவ்வளவு செலவிட யாரும் எளிதில் முன்வரமாட்டார்கள். நாகேஸ்வர ராவ் தைலத்தைக் கச்சேரிகளுக்குக் கொண்டுசென்று ரசிகர்களுக்கு விலையின்றி வழங்கினார். தைலத்தின் பெயர் அங்கிருந்து பரவியது.

இந்த வழி தைலத்தின் தன்மைக்கு ஏற்றதாக இருந்தது. உள்ளே சாப்பிடும் மருந்தின் பலனை அறிய நாட்கள் ஆகும். நெற்றியில் தடவும் தைலத்தின் குளிர்ச்சியும் காரமும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒருவர் தடவினால் பக்கத்தில் இருப்பவருக்கும் மணம் எட்டும், அவர் என்னவென்று கேட்பார். கச்சேரி என்பது பலர் மணிக்கணக்கில் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் இடம். அங்கே வருபவர்கள் 10 அணா கொடுத்து வாங்கக்கூடியவர்களும்கூட. ஆகவே இலவசம் என்பது கொடையாக மட்டும் இருக்கவில்லை, வாங்குபவரை அறிந்த வணிகரின் கணக்கும் அதில் இருந்தது.

ஆனால் கணக்கு மட்டுமே இருந்திருந்தால் தைலம் விலைபோகத் தொடங்கியதும் கொடுப்பது நின்றிருக்கும். நாகேஸ்வர ராவின் பிற்கால வாழ்க்கை அப்படி அமையவில்லை. கலைகள்மீதான ஈடுபாடும் கொடுக்கும் வழக்கமும் இறுதிவரை அவரிடம் தொடர்ந்தன. கச்சேரியில் தைலம் கொடுத்தது அவர் தன்னை மாற்றிக்கொண்டு போட்ட வேடம் அல்ல.

தைலத்திலிருந்து பத்திரிகைக்கு

1907-ல் சூரத் காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்ற நாகேஸ்வர ராவ், தெலுங்கு மக்களுக்கென ஒரு பத்திரிகை தேவை என உணர்ந்தார். 1908-ல் பம்பாயிலிருந்து 'ஆந்திர பத்திரிகா' வார இதழாக வெளிவந்தது. தெலுங்கு மாவட்டங்கள் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தன, தெலுங்குப் பதிப்புலகின் மையமும் சென்னைதான். 1914-ல் அவர் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் 'ஆந்திர பத்திரிகா' நாளிதழாக வந்தது.

தேசிய இயக்கச் சார்புள்ள நாளிதழை நடத்துவது அன்று லாபம் தரும் தொழில் அல்ல. அரசின் கெடுபிடியும் இருந்தது. தைலத்தின் வருவாய் அவருடைய பத்திரிகைப் பணிகளுக்குப் பின்பலமாக அமைந்தது. 1924-ல் 'பாரதி' என்னும் இலக்கிய மாத இதழைத் தொடங்கினார். 1926-ல் ஆந்திர கிரந்தமாலா என்னும் பதிப்பகத்தை நிறுவி, பழைய தெலுங்கு இலக்கியங்களையும் வரலாற்று நூல்களையும் குறைந்த விலையில் வெளியிட்டார். மருந்தை இலவசமாக நீட்டிய அதே கை நூலையும் எளியவர்களுக்கு எட்டும்படி கொடுத்தது. மக்கள் அவரை 'விசுவதாதா' என்றும் 'தேசோத்தாரகா' என்றும் அழைத்தனர். ஆந்திரப் பல்கலைக்கழகம் 1935-ல் அவருக்கு 'கலாப்ரபூர்ண' பட்டம் வழங்கியது.

மயிலாப்பூரில் இருந்த அவருடைய இல்லமான ஸ்ரீபாக் அரசியல் தலைவர்கள் கூடும் இடமாக இருந்தது. கடலோர ஆந்திரத் தலைவர்களுக்கும் ராயலசீமைத் தலைவர்களுக்கும் இடையிலான ஸ்ரீபாக் ஒப்பந்தம் 1937 நவம்பரில் அங்கேதான் கையெழுத்தானது.

ஒப்பீடு: எஸ்.எஸ். வாசன்

இதே சென்னையில் முற்றிலும் வேறான இயல்புகொண்ட ஒருவர் வேறு வழியில் வென்றார். எஸ்.எஸ். வாசன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரிப்பவராகவும், தபால் வழியே பொருள் விற்பவராகவும் சிறிய அளவில் தொடங்கியவர். 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். பரிசுப் போட்டிகள் வழியாக வாசகர்களைத் திரட்டினார். பின்னர் திரைத்துறையில் 1948-ல் 'சந்திரலேகா' படத்தை அதுவரை தென்னிந்தியா கண்டிராத அளவு விளம்பரத்துடன் நாடெங்கும் வெளியிட்டார்.

வாசனின் வழி திருவிழாவின் வழி. பலரைக் கூட்டி, எதிர்பார்ப்பை வளர்த்து, வியப்பில் ஆழ்த்துவது அது. நாகேஸ்வர ராவின் வழி விருந்தோம்பலின் வழி. பொருளை ஒருவர் கையில் வைத்துவிட்டு, மற்றதை அவர் அனுபவத்திற்கு விடுவது. கச்சேரியில் தைலம் நீட்டுவது வாசனுக்குப் பொருந்தியிருக்காது, பரிசுப் போட்டியின் பரபரப்பு நாகேஸ்வர ராவுக்குப் பொருந்தியிருக்காது. இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, இருவருமே தம் இயல்புக்கு அந்நியமான வழியைப் பின்பற்றவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

நிறுவனம் ஆன பின்

தனிமனித இயல்பைச் சார்ந்த விற்பனை முறைக்கு ஓர் எல்லை உண்டு. கொடுக்கும் கை ஒன்று, வாங்குபவர்கள் பல்லாயிரம் என்றாகும்போது அந்த முறை மட்டும் போதாது. 1936-ல் அமிர்தாஞ்சன் லிமிடெட் என்னும் பொது நிறுவனம் உருவானது. இரண்டு ஆண்டுகளில் நாகேஸ்வர ராவ் காலமானார். அவருடைய மருமகன் சிவலெங்க சம்புபிரசாத் பொறுப்புகளை ஏற்றார்.

பிற்காலத்தில் நிறுவனம் எல்லோரையும்போல விளம்பரப் பலகைகளையும் நாடியது. பம்பாய்–புனே சாலையில் 1830-ல் கட்டப்பட்ட பழைய பாலம் ஒன்று, அங்கிருந்த தைல விளம்பரத்தால் 'அமிர்தாஞ்சன் பாலம்' என்றே பெயர்பெற்றது. அப்பாலம் 2020 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. 'ஆந்திர பத்திரிகா' 1991-ல் நின்றுபோனது. தைலம் இன்றும் விற்கிறது.

மதிப்பீடு

நாகேஸ்வர ராவின் முறையை 'இலவச மாதிரி' என்னும் இன்றைய விற்பனை உத்தியின் முன்வடிவமாகக் காண்பது சரியே. ஆனால் உத்தியை மட்டும் பிரித்தெடுத்தால் அதன் வலிமை முழுதாக விளங்காது. பலன் உடனே தெரியும் பொருள், அதற்கேற்ற கூட்டம், தயக்கமின்றிக் கொடுக்கும் மனிதர் என மூன்றும் சேர்ந்ததால் அது வென்றது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.