25 நாள் ஃப்ரிட்ஜில் இருந்த ரத்தம்: ஒரு சைக்கிள் வீரரின் கதை

2011 பிப்ரவரி 6. இத்தாலியில் மொடெனா பக்கம் பவுல்லோ என்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரி. 27 வயது இளைஞர் ஒருவர் கடும் காய்ச்சலோடு கொண்டுவரப்படுகிறார். கிட்னி செயலிழந்துகொண்டிருக்கிறது. உயிருக்கே ஆபத்தான நிலை.

டாக்டர் விசாரித்தபோது அவர் சொன்னதாகப் பதிவானது இதுதான்: 25 நாளாக ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தன் ரத்தத்தையே தனக்கு ஏற்றிக்கொண்டார்.

அவர் பெயர் ரிக்கார்டோ ரிக்கோ. தொழில்முறை சைக்கிள் வீரர். பட்டப்பெயர் "கோப்ரா".

இந்த நிலைக்கு எப்படி வந்தார்? கொஞ்சம் பின்னாடி போவோம்.

நம்ம கிட்னி சிறுநீரை மட்டும் பிரிக்கிற உறுப்பு இல்லை. எரித்ரோபாய்டின், சுருக்கமாக ஈபிஓ, என்கிற ஹார்மோனையும் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு தயாரிக்கச் சொல்வது இதுதான். கிட்னி பழுதானால் ஈபிஓ குறையும், ரத்தசோகை வரும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதை ஊசியாகப் போடுகிறோம்.

நோயாளிக்கு வரம். ஆனால் ஆரோக்கியமானவர் போட்டால்?

சிவப்பணு கூடும், தசைக்கு அதிக ஆக்சிஜன் போகும், மலைப்பாதையில் மூச்சு வாங்காமல் ஏறலாம். கூடவே ரத்தம் கெட்டியாகும். உறைந்து அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு, பக்கவாதம் வரை போகலாம்.

1990-களில் சைக்கிள் பந்தய உலகம் முழுக்க இந்த ஊசி பரவியது. அப்போது இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே இல்லை. அதனால் 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு கோடு போட்டது: ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் ஓட்ட முடியாது.

2007-ல் செரா என்ற புது வகை ஈபிஓ ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு ஊசி போதும். டயாலிசிஸ் நோயாளிக்கு எவ்ளோ நிம்மதி! மூலக்கூறு பெரிசு, சிறுநீரில் சுலபமா இறங்காது. மாட்டிக்க மாட்டோம்னு சில வீரர்கள் நம்பினாங்க.

2008 டூர் டி பிரான்ஸ். 24 வயது ரிக்கோ இரண்டு மலைக் கட்டங்களை ஜெயித்தார். ஜூலை 17 காலை போலீஸ் வந்து அழைத்துப் போனது. சிறுநீரில் செரா! அவருடைய அணியே பந்தயத்தை விட்டு வெளியேறியது.

முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். 24 மாதத் தடை மேல்முறையீட்டில் 20 ஆகக் குறைந்தது. 2010-ல் திரும்பி வந்தார். அடுத்த வருஷமே ஆஸ்பத்திரி.

ரத்த வங்கியில் ரத்தத்தை 2 முதல் 6 டிகிரிக்குள், உறையாமல் தடுக்கும் திரவம் கலந்து, கிருமி புகாமல் வைக்கிறோம். இதில் ஒன்று தவறினாலும் கிருமி பெருகும், சிவப்பணு உடையும். அந்த ரத்தத்தை ஏற்றினால் முதலில் அடிபடும் உறுப்புகளில் ஒன்று கிட்னி. கிட்னி நோயாளிக்காக வந்த மருந்தில் ஆரம்பித்தவர், கிட்னி நோயாளியாகப் படுத்திருந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதை டாக்டர் அதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்தார். இத்தாலியில் ஊக்கமருந்து கிரிமினல் குற்றம். ரத்தம் ஏற்றவே இல்லை என்று ரிக்கோ பின்னர் மறுத்தது எடுபடவில்லை. 2012-ல் 12 வருஷத் தடை. அப்போது வயது 28. அதோடு பந்தய வாழ்க்கை முடிந்தது.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லலாமா? ஒரு டாக்டராக இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? சுலபமான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று நிச்சயம். காய்ச்சலோடு வருபவர் என்ன ஏற்றிக்கொண்டார் என்று தெரியாவிட்டால், நாங்கள் இருட்டில் தேட வேண்டியதுதான். அந்த நேரம்தான் உயிர்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளே, ஊசியே போடாதீங்க. போட்டுட்டீங்கன்னா, உடம்புக்கு ஏதாவது ஆனா, டாக்டர்கிட்ட மறைக்காம முதல்லயே சொல்லிடுங்க. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, உயிரோட இருப்பீங்க.