ஆடம் நீரூற்று, உதகமண்டலம்

உதகை சேரிங் கிராஸ் சந்திப்பில் உள்ள நினைவு நீரூற்று. சென்னை மாகாண ஆளுநராக 1880 டிசம்பரில் பொறுப்பேற்ற வில்லியம் பாட்ரிக் ஆடம், ஆறு மாதம்கூட நிறையாமல் 1881 மே 24 அன்று உதகையில் காலமானார். அவர் கல்லறை புனித தாமஸ் தேவாலய வளாகத்தில் உள்ளது.

அவர் நினைவான இந்த நீரூற்று 1886இல் அரசு தாவரவியல் பூங்காவில் எழுப்பப்பட்டு, 1898இல் இன்றைய இடத்துக்கு வந்தது. இந்த இடமாற்றம்தான் அதை வாழவைத்தது: பூங்காவுக்கு உலாவ வந்தவர்கள் மட்டும் கண்டது, ஊரே கடந்துபோகும் அடையாளமாயிற்று. ஆளுநரை மறந்த ஊரில் அவர் பெயர் நிலைத்திருப்பது இதனால்தான்.