‘ஓரளவு’ என்பது எவ்வளவு? சிறுநீரக நோயாளரின் நமைச்சலும் ஒரு வினாவின் தமிழும்

நாட்பட்ட சிறுநீரக நோயில் வரும் நமைச்சலைப் பாஸ்பரஸ் கணக்காக மட்டும் பார்க்கும் போக்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது. நோயாளி சொறிகிறார், ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்க்கப்படுகிறது. கூடியிருந்தால் பத்தியமும் மாத்திரையும். சரியாக இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. பாஸ்பரஸுக்குப் பங்கே இல்லை என்பதல்ல என் வாதம். அது கட்டுக்குள் இருப்பவர்களும் விடிய விடியச் சொறிகிறார்களே, அதற்கு இந்தப் போக்கில் விடையில்லை.

பலரும் எடுத்துக்காட்டும் சான்று 2006இல் வெளியான டாப்ஸ் (DOPPS) என்னும் பன்னாட்டு டயாலிசிஸ் ஆய்வு. 12 நாடுகளில் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் 18,000க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர், இந்தியா இல்லை. 42 விழுக்காட்டினருக்கு நடுத்தரம் முதல் மிகக் கடுமை வரையிலான நமைச்சல். அவர்களுக்கு இறப்பு அபாயம் 17 விழுக்காடு கூடுதல். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகிறார்கள். தூக்கத்தின் தரத்தையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு புள்ளியியல் வலுவை இழந்தது என்று அதே கட்டுரை சொல்கிறது. இதை வைத்து, நமைச்சல் அப்படியொன்றும் ஆபத்தில்லை என்பார் உண்டு. எனக்கு அது நேர்மாறாகவே படுகிறது. தூக்கம் இடையில் வந்து கணக்கைக் குழப்பும் காரணியன்று. நமைச்சல் உடம்பைத் தேய்க்கும் வழியே அதுதான். தூக்கம் கெட்டவருக்கு நமைச்சல் கூடுதலாக உறைக்கவும் கூடும், ஒரு கூர்நோக்கு ஆய்வால் திசையை முடிவுசெய்ய இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் சாய்வு மாறவில்லை.

அந்த 42 எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு வினாவிலிருந்து: கடந்த நான்கு வாரங்களில் தோல் நமைச்சல் உங்களை எந்த அளவு தொந்தரவு செய்தது? விடை ஐந்து படிகளில். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே கோடு விழுகிறது. தமிழில் அந்த இரண்டும் ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ என்றாகும். இவற்றுள் எது பெரிது? பேச்சில் திட்டமான விடை கிடையாது. ‘கொஞ்சம் கஷ்டம்தான்’ என்று ஒருவர் சொன்னால் அது நிறையக் கஷ்டமாகவும் இருக்கலாம். டாக்டர் முன்னால் ‘பரவாயில்லைங்க’ என்பவர் எந்தப் படியில் நிற்கிறார்?

பெயர்ச்சொல்லிலும் சிக்கல் உண்டு. ‘அரிப்பு’ என்றதும் படை, சிரங்கு, தடிப்பு என்று கண்ணுக்குத் தெரிவதைத் தேடுகிறோம். சிறுநீரக நோயின் நமைச்சலில் தொடக்கத்தில் தோலில் ஒன்றுமே தெரியாது. பின்னால் தெரிவது நகம் போட்ட கீறல். ‘அரிப்பு இருக்கா?’ என்றால் இல்லை என்பவர், ‘உடம்பு நமைக்குதா, ஊறுதா?’ என்றால் ஆமாம் எனக்கூடும். (‘தினவு’ நல்ல சொல்தான், அது திமிரின் பெயராகிவிட்டது.) இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளுவோருக்கு டாப்ஸின் 2017 கட்டுரையே பதில்: எந்நேரமுமோ ஏறக்குறைய எந்நேரமுமோ நமைச்சலால் அவதிப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினர் மருத்துவப் பணியாளர் எவரிடமும் அதைச் சொல்லவில்லை.

காஞ்சிபுரத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்காரும் ஒருவருக்கு வாரத்தில் சில நாள் டயாலிசிஸ் என்று கொள்வோம். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் இணைப்பான ஃபிஸ்டுலா இடக்கையில். வலக்கை நாடாவின் கயிற்றை இழுக்க, இடக்கை அச்சுப்பலகையை அடிக்க வேண்டும். நமைக்கும் இடங்களில் அந்த இடக்கையும் ஒன்று, சொறிந்தால் ஊசி குத்திய புண்ணில் கிருமி ஏறும். தோலோ உலர்ந்து செதிலாகிச் சொரசொரத்துக் கிடக்கிறது. பட்டிழை அதில் மாட்டுகிறது. உலர்ந்த தோலுக்கு முதல் மருந்து எண்ணெயோ களிம்போதான். எண்ணெய்க் கையோடு மாம்பழ நிறப் பாவு நூலைத் தொட முடியுமா? ‘தினம் இரண்டு வேளை தடவவும்’ என்ற சீட்டு இவர் வீட்டில் பகலில் செல்லாது. தடவாததை அலட்சியம் என்று நோயேட்டில் குறித்துவைப்பது எளிது.

நெசவாளரின் நமைச்சலுக்கு நூலின் சாயமே காரணம் என்ற எதிர்வாதம் நீண்ட பதிலுக்கு உரியதன்று. நெய்பவர் பெரும்பாலும் சாயமேறிய நூலையே வாங்குகிறார். சாய ஒவ்வாமை முதலில் கையில் சிவந்து தடிக்கும். இந்த நமைச்சலோ பெரும்பாலும் முதுகிலும் உடலின் இருபுறமும் ஒத்தாற்போல் வரும்.

பாஸ்பரஸ் சரியாக இருந்தும் சொறிபவருக்கு வழி இல்லாமலில்லை. டயாலிசிஸ் முடிந்தபின் குறைந்த அளவில் கபாபென்டின் தருவது பழகிய முறை. குறுகிய அலைப்பட்டை புற ஊதா-பி கதிரும் உண்டு. 2021இல் அமெரிக்கா ஏற்ற டைஃபெலிகெஃபாலின் பாஸ்பரஸைத் தொடுவதே இல்லை, நரம்புமுனையின் கப்பா ஓபியாய்டு ஏற்பியில் வேலை செய்கிறது. இவற்றில் எதையும் எழுதுமுன் கேட்க வேண்டிய வினாவை, ஐந்து படிகளை ஒதுக்கிவிட்டு, இப்படி வைக்கலாம் என்பது என் முன்மொழிவு: ‘தறியை விட்டு எழுந்து படுத்தபிறகு, நமைச்சல் உங்களைத் தூங்க விடுதா? எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?’ இரண்டாவதற்கு எண்ணில் பதில் வரும்.