ஐந்தாம் நம்பர் ரீஜனில் தமிழ்ப் படம்

வீட்டில் சிடி போட்டுப் படம் பார்க்கிற காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டுக்கு வெளியே குடித்தனம் நடத்துகிற நமக்கு அந்த வட்டத் தட்டுகளின் வரலாறு கொஞ்சம் முக்கியம். பள்ளியில் ஹிந்தி, தெருவில் மராத்தி என்று வளர்ந்த பிள்ளைகள் காதில் விழுந்த தமிழில் பாதி அதிலிருந்து வந்ததுதான். எந்த ஊரில் எந்த டிஸ்க் ஓடலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? கதை சுவாரசியமானது.

முதலில் விசிடி. பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து 1993ல் இதன் தர வரையறையை வெளியிட்டன. சாதாரண சிடியில் எம்பெக்-1 முறையில் சுருக்கிய படம். நம்ம ஊர் பால் முறையில் 352க்கு 288 புள்ளிகள், அவ்வளவுதான். வேகமான சண்டைக் காட்சி வந்தால் திரை கட்டம் கட்டமாக உடையும். ஒரு டிஸ்கில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு, சில சமயம் மூன்று டிஸ்க். நமக்குத்தான் இடைவேளை பழக்கமாயிற்றே, எழுந்து போய் மாற்றிப் போடுவது பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை!

அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆசியாதான் வாரி அணைத்துக்கொண்டது. சீனாவில் 1993லேயே வான்யான் என்ற நிறுவனம் வீட்டு விசிடி பிளேயரைக் கொண்டுவந்தது. ஈரமான ஊர்களில் வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், சிடிக்கு அந்தக் கவலை குறைவு. ஹாங்காங்கில் இன்னொரு சாமர்த்தியம் செய்தார்கள். சில விசிடிகளில் இடது ஸ்பீக்கரில் கான்டனீஸ், வலதில் மாண்டரின். ஒரே டிஸ்க், இரண்டு மொழி. விசிடிக்கு நாட்டு எல்லை கிடையாது, காப்பி எடுப்பதற்குத் தடையும் கிடையாது. அதன் பலமும் பலவீனமும் அதுதான்.

அடுத்தது டிவிடி. 1996 நவம்பரில் ஜப்பானில், 1997ல் அமெரிக்காவில் வந்தது. 720க்கு 576 புள்ளிகள், முழுப் படமும் ஒரே டிஸ்கில், வேண்டும்போது போட்டுக்கொள்ள சப்டைட்டில். கூடவே ஹாலிவுட் ஒரு வேலியும் போட்டது. ஒரு படம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு தேதியில் தியேட்டருக்கு வரும், அமெரிக்க டிவிடி மற்ற ஊர் வசூலைக் கெடுக்கக் கூடாது என்பது கணக்கு. உலகத்தையே கூறு போட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா தனியாக 6. விமானத்துக்கும் கப்பலுக்கும் கூட 8 என்று ஒரு நம்பர்!

இப்போது தமிழர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். டொரொண்டோ 1, லண்டன் 2, சிங்கப்பூர் 3, சிட்னி 4, சென்னையும் யாழ்ப்பாணமும் 5. இந்த வேலியை மதித்தால் ஒரே தமிழ்ப் படத்துக்கு ஐந்து விதமாக டிஸ்க் அடிக்க வேண்டும். கட்டுமா? அதனால் வெளிநாட்டு உரிமை வாங்கிய கம்பெனிகள் பெரும்பாலும் ரீஜன் பூட்டே போடாமல், என்டிஎஸ்சி முறையில் வெளியிட்டன. பால் முறை டிவிகளில் பல என்டிஎஸ்சியையும் காட்டும், அமெரிக்க டிவி பாலைக் காட்டாது என்பதுதான் காரணம். பால் டிவிடியில் இன்னொரு வேடிக்கை உண்டு. நொடிக்கு 24 பிரேம் சினிமாவை 25ஆக ஓட்டுவதால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும்.

ஆக டிஸ்கில் வேலி இல்லை. அப்படியும் மும்பையிலும் டெல்லியிலும் இருந்த நமக்குப் புதுப்படம் நேர்வழியில் கிடைக்கவில்லையே, ஏன்? வேலி டிஸ்கில் இல்லை, உரிமைப் பத்திரத்தில் இருந்தது. அந்த டிவிடிகள் வெளிநாட்டு விற்பனைக்கு. உள்நாட்டில் டிஸ்க் வந்தால் தியேட்டர் வசூல் படுத்துவிடும் என்ற பயம். லண்டன் தமிழர் கடையில் காசு கொடுத்து வாங்கிய படத்தை, இந்தியாவுக்குள்ளேயே இருந்த நாம் வாங்க முடியவில்லை. பக்கத்துத் தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடினால் அதிர்ஷ்டம். அந்த இடைவெளியில் புகுந்ததுதான் திருட்டு விசிடி. தமிழக அரசு 2004ல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. தொழிலாளர் உழைப்பைத் திருடுவது தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் வாங்கத் தயாராக இருந்தவனுக்கு விற்கவே ஆளில்லை என்பதும் உண்மைதான்.

2007ல் மோசர் பேயர் பழைய படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றபோதுதான் நல்ல பிரதி நியாயமான விலைக்கு வீடு வந்தது. 2015ல் சேரன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் கொடுத்துப் பார்த்தார். அதற்குள் காலம் இணையத்துக்குப் போய்விட்டது. மோசர் பேயரும் 2018ல் கலைப்புக்குப் போனது.

இன்று எல்லாம் ஸ்ட்ரீமிங். அங்கேயும் நாட்டுக்கு நாடு உரிமை வேறு. போன மாதம் இருந்த படம் இந்த மாதம் காணாமல் போகும். அலமாரியில் இருக்கிற டிஸ்கை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. இணையத்தில் எங்கேயும் இல்லாத பழைய படம் ஒன்று உங்கள் அட்டைப் பெட்டிக்குள் இருக்கலாம். வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஓடுகிற பிளேயர் ஒன்றையும் விட்டுவைத்தால் நல்லது.