தந்திக் கம்பத்துக் கண்ணாடி

வரலாறு என்றதும் முடியும் வாளும் கல்வெட்டுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. தந்திக் கம்பத்தின் உச்சியிற் கவிழ்ந்திருந்த ஒரு கண்ணாடிக் கோப்பைக்கும் வரலாறு உண்டெனின் நகைப்போரும் உளர். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இக்கண்ணாடிக் காவலிகளைத் தேடிச் சேகரிப்போர் பலர். 1973 இல் அவர்கள் தமக்கெனத் தேசிய சங்கம் ஒன்றையும் நிறுவினர். இம்முயற்சியின் பயனையும் குறையையும் நாம் ஆராய்வது தகும்.

கம்பியை மரக்கம்பத்தில் நேரே கட்டினால், மழை நாளில் ஈரமரத்தின் வழியே மின்சாரம் நிலத்துக்கு ஒழுகிவிடும். அதைத் தடுப்பதே காவலியின் தொழில். கவிழ்ந்த வடிவினதாதலால் அதன் உட்புறம் மழையில் நனையாது. தொடக்கக் காவலிகளின் துளையில் திருகுபுரி இல்லை; அவை முளையினின்று கழன்று வீழ்ந்தன. 1865 இல் லூயி கோவே என்பவர் திருகுபுரிக்குக் காப்புரிமை பெற்றார். எனவே புரியற்ற பழங்காவலிகள் இன்று அரியன. ஹெமிங்ரே நிறுவனத்தின் 42 ஆம் எண் காவலியோ மிக மலிந்தது. அரிய நிறத்தில் அமைந்தாலன்றி அதற்கு விலையில்லை. மங்கனீசு கலந்த கண்ணாடி நெடுங்காலம் வெயிலிற் கிடந்தால் ஊதா நிறம் பெறும். கதிர்வீச்சினால் செயற்கையாக நிறமேற்றி விற்போரும் உளர். அரிதென்பதற்கு விலை ஏறும் இடத்தில் பொய்யும் உடன் ஏறுவது இயல்பே.

ஆனால், இக்கம்பிகள் யாருக்காக இழுக்கப்பட்டன? 1857 மே 11 இல் டில்லியில் எழுந்த கிளர்ச்சியின் செய்தி தந்தி வழியே அம்பாலாவை அடைந்தது. அங்கிருந்து பஞ்சாபின் ஆங்கில அதிகாரிகளுக்குப் பரவி, அவர்களை முன்கூட்டியே விழிப்படையச் செய்தது. இலங்கையிலோ, 1850 முதல் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த சந்தை விலைகளைப் புறாக்கள் மூலம் கொழும்புக்குப் பெற்றுவந்தது. 1858 இல் கொழும்பையும் காலியையும் தந்தி இணைத்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆட்சியும் வாணிபமும் முதலிற் பேசின. குடிமக்கள் பின்னரே பேசினர். நம் கிராமங்களில் தந்தி என்றாலே மரணச் செய்தி என அஞ்சி, உறையைப் பிரிக்குமுன்னரே பெண்கள் ஒப்பாரி வைத்ததும் இதனாலன்றோ? உயிர் போனாலன்றி ஏழைக்குத் தந்தியடிக்கக் கட்டுப்படியாகவில்லை.

காவலியின் மேனியில் நிறுவனத்தின் பெயர் உண்டு. காப்புரிமை நாள் உண்டு. உலைவாயில் நின்றவனின் பெயர் இல்லை. 1908 இல் லூயிஸ் ஹைன் இந்தியானா மாநிலக் கண்ணாடித் தொழிற்சாலைகளில் நள்ளிரவிலும் வேலைசெய்த சிறுவர்களைப் படம்பிடித்தார். அப்படங்கள் சிறார் உழைப்புக்கு எதிரான இயக்கத்துக்குச் சான்றுகளாயின. நிறத்தையும் வடிவத்தையும் வகைப்படுத்தி எண்ணிடும் சேகரிப்பாளர், அலுமாரியில் அப்படம் ஒன்றையும் வைப்பாராயின் அச்சேகரிப்பு முழுமை பெறும்.

பிரித்தானியப் பேரரசின் தந்தித் தடங்களில் கண்ணாடியிலும் வெண்பீங்கானே மிகுதி. ஆதலால் தம்பிலுவில்லில் நீலக் கண்ணாடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எனினும் இக்கேள்வி நமக்கும் உரியதே. நெடும்போரும் 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளும் இக்கரையில் உயிர்களோடு ஏடுகளையும் எளிய புழங்குபொருள்களையும் கொண்டுசென்றன. எஞ்சிய மரைக்காலும், ஏர்க்கொழுவும், தோணியின் துடுப்பும், ஒரு வெண்பீங்கான் காவலியும் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் பாடசாலைக்கு வரவேண்டும். கண்ட இடத்தில் எடுத்துவிடவும் கூடாது. பயனிலுள்ள கம்பத்திற் கைவைப்பது குற்றமும் ஆபத்துமாகும். கழித்துப்போட்டதைக் கேட்டுப் பெறலாம். ஒவ்வொன்றின் அருகிலும் அதைச் செய்தவர், பயன்படுத்தியவர், தந்துதவியவர் பற்றிய குறிப்பை மாணவரே முதியோரிடம் கேட்டு எழுதட்டும்.

இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அச்செய்திகளைச் சுமந்த மக்களின் வரலாறும் உடன் நின்றுவிடலாகாது. விலையுள்ளதைச் சேகரிக்கச் செல்வர் உளர். விலையற்றதென ஒதுக்கப்பட்டதைப் பேணும் பொறுப்பு நம்முடையது.